மூன்றாம் சுற்று மருந்து

மாப்ளே,

நேற்று தேவாரத்திலிருந்து போடிக்கு வந்த பஸ்ஸில், ராசிங்காபுரத்தில் ஒரு ஆள் ஏறினார். உட்கார இடமில்லாமல் என் தலைக்கு மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளுத்த சட்டை, படிய வாரிய தலை, நெற்றியில் திருநீறு. நன்றாகக் குளித்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். ஆனாலும் கையைத் தூக்கியதும் அந்த வாடை வந்துவிட்டது. அழுகிய பூண்டையும் மண்ணெண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சியது போல ஒரு வாடை. ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்களுக்கு அது தோலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும், எந்த சோப்புக்கும் அசையாது. மலைக்கா போகிறீர்கள் என்று கேட்டேன். ஆமாம், நாளைக்கு ரெண்டாம் சுற்று மருந்து என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீ போய் எட்டு வருஷமாகிறது. இந்த எட்டு வருஷத்தில் போடிப் பக்கம் நான் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. இரண்டு முறை இங்கே மாற்றல் வந்தது. இரண்டு முறையும் ஆளைப் பிடித்து ரத்து செய்துகொண்டேன். இந்தத் தடவை மாடுகளுக்குக் கோமாரி ஊசி போட ஆள் குறைகிறது என்று வம்படியாக அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் அந்த வாடை வராமல் இருந்திருந்தால் ஒருவேளை ஊசியைப் போட்டுவிட்டு உன் ஊருக்குள் நுழையாமலே திரும்பியிருப்பேன். அந்த அளவுக்குக் கோழைதான் நான். நீ நம்பமாட்டாய், உனக்கு என்மேல் அப்படி ஒரு மதிப்பு இருந்தது.

நாம் பழக்கமானது உனக்கு எப்போதும் சிரிப்புக்கான சரக்கு. கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு, மேல்படிப்பு ஆராய்ச்சிக்கென்று நான் குரங்கணிக்கு வந்து மூன்றாவது நாள். ஓடையில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவன், பாசியில் கால்வைத்து முழுசாக உள்ளே போனேன். கொஞ்சம் கீழே நீ உன் செவலை மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாய். மாட்டுக் கயிற்றைத்தான் வீசினாய், அதைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். நான் யார் என்று விசாரித்துவிட்டு, "மாட்டு டாக்டரா? மாடே வழுக்காத எடத்துல வழுக்குறியே மாப்ளே" என்றாய். எந்த முறையில் நான் உனக்கு மாப்பிள்ளை என்று கேட்டேன். "எம் பொண்டாட்டிக்குக் கூடப்பொறந்தவன் கிடையாது. நீ இருந்துட்டுப் போ" என்று சொல்லி, ஈர வேட்டியோடு என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனாய். அன்று உன் மனைவி சுடச்சுடக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். வாங்கிக்கொள்ளும் முன்பே அண்ணே என்று கூப்பிட்டாள்.

நான் என்ன தேடி மலைக்கு வந்தேன் என்பதைக் கல்லூரியில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. மாட்டுக்கு வருகிற கேடும், அதை வளர்க்கிற மனுஷனுக்கு வருகிற கேடும், இரண்டு பேரும் வாழ்கிற காட்டுக்கும் தண்ணீருக்கும் வருகிற கேடும் ஒன்றுதான், சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள், உனக்கு மூன்றாவது கால் வேறு வேண்டியிருக்கிறதா என்று கேட்டார். அனுமதி மாட்டுக்கு மட்டும்தான் கிடைத்தது. மற்றதை நானே ஓரமாகச் செய்துகொள்ளலாம், கடைசியில் எப்படியாவது சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

உனக்கு மட்டும் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "இதுல என்ன மாப்ளே ஆராச்சி? மேல அடிக்கிறோம். மழை கழுவுது. ஓடையில எறங்குது. செவல குடிக்கிது. செவலகிட்ட நாங்க குடிக்கிறோம்." ஐந்தே வரி. நான் இரண்டு வருஷம் எழுதி இருநூறு பக்கத்தில் சொன்னதும் இவ்வளவுதான். அதிலும் கடைசி வரியை எடுத்துவிட்டார்கள், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு நாள் தீப்பெட்டி ஒன்றை என் கையில் வைத்தாய். உள்ளே செத்த தேனீக்கள். ஏலப்பூ தரையோடு தரையாகக் கிடக்கும், அதன் பக்கத்திலேயே இவையும் கிடந்தன, உனக்கு ஆகும் என்று பொறுக்கினேன் என்றாய். தேனீ வந்து உட்கார்ந்தால்தான் பூ காயாகும் என்பது படிக்காத உனக்கும் தெரியும், தோட்டத்து மேஸ்திரிக்கும் தெரியும். ஏலச்செடியில் பற்றுகிற இலைப்பேனுக்கு என்று சொல்லி அடிக்கிற மருந்து, காய் பிடிக்க வைக்கிறவனையே கொல்கிறது என்று நீ வருத்தப்பட்டாய். பிறகு ஏன் அடிக்கிறாய் என்று கேட்டேன். என்ன அசட்டுக் கேள்வி. நீ கோபப்படவில்லை, நான் இல்லாவிட்டால் வேறொருவன், மருந்தடிக்கிற சோலிக்குத்தான் கூலி கூட என்று மட்டும் சொன்னாய். சொல்லிவிட்டு டிரம்மில் மருந்தை ஊற்றி முழங்கை வரை விட்டுக் கலக்கினாய்.

கலக்குகிறதற்கு முன்னால், மருந்தடிக்கிற நீங்கள் ஆறு பேரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. கையிலும் நெஞ்சிலும் தேங்காய் எண்ணெயைப் பளபளவென்று பூசிக்கொள்வீர்கள். எண்ணெய் பூசின உடம்பில் மருந்து இறங்காது என்பது உங்கள் கூட்டத்து நம்பிக்கை. அது தப்பு, எண்ணெய் பூசினால் இந்த மருந்து இன்னும் சுலபமாக உள்ளே போகும் என்று சொன்னேன். "எண்ணெயில தண்ணி ஒட்டாதுல்ல? மருந்து மட்டும் எப்பிடி ஒட்டும்?" என்று நீ கேட்டாய். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பரீட்சைக்கு எழுதத் தெரிந்த பதில் இருந்தது, உனக்குச் சொல்லத் தெரிந்த பதில் இல்லை. விட்டுவிட்டேன். இன்றைக்கு நினைத்தால், நான் எதை எதையெல்லாம் இப்படி விட்டேன் என்பதே பெரிய பட்டியலாகத்தான் வருகிறது.

ரத்தம் எடுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். இந்த மருந்து ரத்தத்தில் இருக்கிற ஒரு சத்தைத்தான் முதலில் தின்னும். விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டால், சத்து நன்றாக இருக்கிறவனுக்குக் குழாய்நீர் மஞ்சளாக மாறும். சத்து போனவனுக்குப் பச்சையாகவே நிற்கும். மாட்டுக்கும் அதே சோதனை, மனுஷனுக்கும் அதே சோதனை. எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். மருந்து தொடங்கும் முன்பு ஒரு தடவை, பிறகு மூன்று சுற்றிலும் ஒவ்வொரு தடவை. மூன்று சுற்றும் சேர்ந்தால்தான் கோடு ஒழுங்காக விழும். மற்ற ஐந்து பேரும் ஊசியைப் பார்த்துப் பின்வாங்கினபோது, நீ முதலில் விரலை நீட்டி, அட்டை ரெத்தங் குடிக்கிறப்ப கணக்குப் பாக்குறீகளா என்று அவர்களைக் கேலி செய்து உட்கார வைத்தாய். நீ இல்லாவிட்டால் அவர்கள் இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் என் ஆராய்ச்சியில் மனுஷனே இல்லை.

முதல் சுற்றில் எல்லாருக்கும் மஞ்சள் கொஞ்சம் மங்கியது. அவ்வளவுதான். இரண்டாம் சுற்று முடிந்த மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. அதற்கு அடுத்த நாள் காலையில் உன் மனைவி ஓடிவந்து, செவலைக்கு வாயில் நூல்நூலாக வடிகிறது, பின்னங்கால் நிற்கமாட்டேன் என்கிறது என்றாள். வந்து பார்த்தேன். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. ரத்தம் எடுத்துக் குழாயில் விட்டேன், பச்சை. உடனே ஊசி போட்டேன். இனி ஓடைத் தண்ணீர் ஒரு வாய்கூடக் காட்டக்கூடாது, அந்தப் பக்கத்து ஊற்றிலிருந்து சுமந்துவந்து வை, ஓடைக்கரைப் புல் கூடாது, பதினைந்து நாளுக்குப் பாலைக் கறந்து மண்ணில் ஊற்று என்று மூச்சுவிடாமல் சொன்னேன். ஒரு மாதம் உன் மனைவி அந்த ஊற்றுக்கும் வீட்டுக்குமாகக் குடம் சுமந்தாள். நான் சொன்னதில் ஒன்றைக்கூட நீங்கள் தவறவில்லை. செவலை பிழைத்தது.

அதே காலையில் உன் குழாயையும் பார்த்தேன். அதுவும் பச்சை.

நீ விரலைத் துணியில் துடைத்துக்கொண்டே, "எம் ரெத்தம் என்ன மாப்ளே சொல்லுது?" என்று கேட்டாய். மூன்று சுற்றும் முடியட்டும், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சரி என்று மாட்டின் பக்கம் போய்விட்டாய். எவ்வளவு சுலபமாகப் போய்விட்டாய்.

சோதனைப் பெட்டியோடு ஒரு சின்னப் புத்தகம் உண்டு. இந்த அளவுக்குப் பச்சை நின்றால் அந்த ஆளை மருந்துப் பக்கமே விடக்கூடாது, சில வாரம் ஓய்வு வேண்டும் என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. நான் அதை முன்பே படித்தவன், அன்றும் படித்தேன். படித்துவிட்டு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் மாட்டு டாக்டர். மனுஷனுக்கு நல்லது கெட்டது சொல்ல எனக்கு என்ன அதிகாரம் என்று சொல்லிக்கொண்டேன். மாடும் மனுஷனும் வேறில்லை என்று ஊரெல்லாம் வாதாடினவன், எனக்கு வசதியான இடத்தில் கோட்டைக் கிழித்துக்கொண்டேன். உண்மைக் காரணம் அதுகூட இல்லை. நீ நின்றால் மற்ற ஐந்து பேரும் நின்றுவிடுவார்கள். மூன்றாவது எண் வராது. எனக்கு அந்த எண் வேண்டியிருந்தது, மாப்ளே. அவ்வளவுதான். இதற்கு மேல் பூசி மெழுக என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்த ஒரு மாதமும் நான் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பீடி பற்ற வைக்கையில் குச்சி உன் கையில் ஆடியது. காப்பித் தம்ளர் தளும்பியது. சாயங்காலம் ஆனால் தலைவலி என்று நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாய். "கெழடு தட்டிருச்சு போல" என்று நீயே சொல்லிச் சிரித்தாய். உனக்கு முப்பத்திரண்டு வயது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்குப் போய் நோட்டில், கை நடுக்கம் உண்டு, தலைவலி உண்டு என்று எழுதினேன். என் கையெழுத்து அந்தப் பக்கத்திலும் முத்துமுத்தாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் சுற்று அன்று விடிந்ததும் நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஏறினோம். முந்தின நாள் போடி ஐஸ் கம்பெனியில் ஐஸ் வாங்கிப் பெரிய பிளாஸ்கில் அடைத்து, அதை நானே குழந்தை மாதிரி சுமந்துவந்தேன். மூன்றாம் சுற்று ரத்தத்தில் ஒரு பங்கை மதுரைச் சோதனைக்கூடம் வரை கெடாமல் கொண்டுபோக வேண்டும். பாதி வழியில் உனக்கு மூச்சு வாங்கியது. ஒரு பாறையில் உட்கார்ந்தோம். கீழே ஓடை தெரிந்தது. முன்பு மீன் துள்ளுகிற இடம் என்று எனக்கு நீ காட்டின மடு அது. இப்போது ஒன்றுமில்லை பார் என்றாய். பார்த்தேன். தண்ணீர் மட்டும் நன்றாகத்தான் இருந்தது, கல் கல்லாக அடி தெரிந்தது.

மத்தியானம் கொட்டகையில் ஆறு பேருக்கும் ரத்தம் எடுத்தேன். உன் குழாய் அசையவே இல்லை. விட்டது விட்டபடி பச்சை. உனக்கு அந்தக் குளிரிலும் வேர்த்துக்கொண்டிருந்தது. இன்றைக்குப் போதும், என்னோடு கீழே வந்துவிடேன் என்று சொன்னேன். சொன்னேன் என்பது சரிதான், ஆனால் எப்படிச் சொன்னேன் தெரியுமா? பிளாஸ்கை மூடிக்கொண்டே, வாட்சைப் பார்த்துக்கொண்டே, வீட்டுக்கு வந்தவனைச் சாப்பிடுகிறாயா என்று கேட்பதுபோல, வருகிறாயா என்று கேட்டேன். ஏன் என்று சொல்லவில்லை. குழாயைக் காட்டவில்லை.

"ரெண்டு டிரம்மு பாக்கி கெடக்கு. நீ வெரசா எறங்கு, ஐஸு கரைஞ்சிரும்" என்றாய். "போற வழியில செவலைக்கு ஊத்துத் தண்ணி வச்சிருக்காளான்னு ஒரு எட்டுப் பாத்துட்டுப் போ மாப்ளே."

பார்த்துவிட்டுத்தான் போனேன். வைத்திருந்தாள். செவலை தண்ணீரைக் குடித்துவிட்டு என் கையை நக்கியது. அப்புறம் ஜீப்பைப் பிடித்துப் போடிக்கு வந்து, ஐஸ் மாற்றிக்கொண்டு மதுரை பஸ்சுக்கு நின்றேன். விளக்கு வைக்கிற நேரம். பஸ் ஸ்டாண்டு ஓரமாக ஒரு ஜீப்பு ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் போனது. பின்னால் உன் கூட்டத்து ஆட்களில் ஒருவரைப் பார்த்தேன். பிளாஸ்கோடு ஓடினேன். நான் போகும்போது உன்னை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசி டிரம்மைக் கலக்கும்போது குப்புற விழுந்தாயாம். கம்பளியில் கட்டிக் குரங்கணி வரை தூக்கிவந்து ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. வாயைத் துடைத்துவிட்டார்கள், மறுபடி நுரை வந்தது, மறுபடி துடைத்தார்கள். நெஞ்சில் எண்ணெய் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

நெஞ்சுவலி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வெறும் வயிற்றோடு மலை ஏறினான், அடைத்துவிட்டது என்றார்கள். நான் மறுக்கவில்லை. கூட்டத்தோடு நின்றேன், தோள் கொடுத்தேன், மூன்றாம் நாள் மதுரைக்குப் போய்விட்டேன். நான் அழுதேனா என்று கேட்டால், ஆம், நிறைய அழுதேன். அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

இப்போது அந்தக் கடைசி வரியைச் சொல்கிறேன். என் ஆராய்ச்சியைப் படித்துப் பார்த்த பேராசிரியர், மாட்டுப் பகுதி நன்றாக இருக்கிறது, ஓடைப் பகுதியும் இருக்கட்டும், மனுஷ ரத்தத்துக்கு நீ யாரிடம் அனுமதி வாங்கினாய், இது வேறு துறை, எடுத்துவிடு என்றார். ஒரு சிவப்புப் பென்சிலால் குறுக்கே கோடு போட்டார். உன் மூன்று சுற்று எண்களும் அதற்குள் போயின. நான் வாதாடவில்லை. எனக்குப் பட்டம் கிடைத்தது, வேலை கிடைத்தது. எந்த எண்ணுக்காக உன்னை மலைமேல் விட்டுவந்தேனோ அது அச்சேறவே இல்லை. என் ஆராய்ச்சிப் புத்தகத்தையும் யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. ஒரு தடவை நூலகத்துக்குப் போனபோது எடுத்துப் பார்த்தேன், ஒட்டின தாள் பிரியாமல் அப்படியே இருந்தது. மலையில் இப்போது அதைவிடக் காரமான மருந்து வந்துவிட்டது என்கிறார்கள்.

நேற்று பஸ்ஸை விட்டு இறங்கி, ஊசி முகாமுக்குப் போகாமல் குரங்கணி ஜீப்பில் ஏறினேன். உன் மனைவி என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். தலையில் பாதி நரைத்துவிட்டது. செவலை கிழமாகி, போன வருஷம்தான் போனதாம், அதன் பேத்தி தொழுவத்தில் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "இவுகதான் எங்க செவலையக் காப்பாத்திக் குடுத்த டாக்டரு. இவுக இல்லேன்னா அவரு போனதுக்கு அப்புறம் எனக்குக் கஞ்சி ஏது" என்று சொன்னாள். அந்த ஒரு மாட்டின் பாலை விற்றுத்தான் இத்தனை வருஷம் காலம் தள்ளியிருக்கிறாள். நான் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி போனதும் உன் மனைவி எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். பிறகு, மேலே தோட்டத்தில் போன மாதம் இன்னொருவர் விழுந்துவிட்டார், அது மருந்துதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள், அப்படியானால் இவருக்கும் நெஞ்சுவலி இல்லையோ என்று மெதுவாகக் கேட்டாள். நான் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன். அவளே சொன்னாள்.

"அப்பயே தெரிஞ்சிருந்தா நீங்க அவர விட்டுருக்க மாட்டீகண்ணே. செவலைக்கே அம்புட்டுச் சொன்னவுக."

அவள் குத்திக் காட்டவில்லை, மாப்ளே. அவள் முகத்தைப் பார்த்தேன், அதில் அப்படி ஒன்றும் இல்லை. நம்பிக்கைதான் இருந்தது.

"விட்டுருக்க மாட்டேன் தங்கச்சி" என்றேன்.

அவள் தலையாட்டினாள். கூடப்பிறந்தவன் இல்லாத குறைக்கு நீ கொண்டுவந்து கொடுத்த அண்ணன் நான். அடுத்த தடவை வெறும் காப்பியோடு போகக்கூடாது, சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று வாசல் வரை வந்து சொல்லி அனுப்பினாள். சரி என்றேன்.